சவூதியிலிருந்து வரும் விளக்கும் கல்முனையின் மின்சாரமும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடர்ந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில் மத்திய கிழக்கு உழைப்பின் தடம் பதியாத தெருவைக் காண்பது அரிது. 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்தப் பயணம், 1985 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்படுவதற்கு முன்பே ஊர்களின் பொருளாதாரத்தை மாற்றத் தொடங்கிவிட்டது. விடுமுறையில் வருபவர் கையோடு கொண்டு வருபவையும், கப்பலில் முன்கூட்டியே அனுப்பி வைப்பவையும் அந்த மாற்றத்தின் வெளிப்படையான அடையாளங்கள். கம்பளம், போர்வை, அத்தர், பேரீச்சம்பழம் ஆகியவற்றோடு பெட்டிக்குள் தவறாமல் இடம்பிடிக்கும் மற்றொரு பொருள் விளக்கு. வரவேற்பறையில் தொங்கவிடும் கண்ணாடிச் சரவிளக்கு, படுக்கையறை மேசை விளக்கு, பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் வீட்டை அலங்கரிக்கும் வண்ண மின்குமிழ்ச் சரம் என அதன் வடிவங்கள் பல.

கம்பளத்தை எந்த நாட்டிலும் விரிக்கலாம். விளக்கு அப்படியன்று. அது தயாரிக்கப்பட்ட நாட்டின் மின்சாரத்தை மனதில் வைத்தே செய்யப்படுகின்றது. அந்த மின்சாரம் நம்முடையதிலிருந்து வேறுபட்டால், பெட்டியைப் பிரித்த முதல் மாலையிலேயே விளக்கு வெடிக்கலாம். அதைவிட மோசமாக, சில வாரங்கள் நன்றாக எரிந்துவிட்டு, யாரும் பார்க்காத ஒரு நேரத்தில் உள்ளே உருகத் தொடங்கலாம்.

மின்னழுத்தம் என்பதைப் பாடசாலை விஞ்ஞானப் புத்தகங்கள் வோல்ற்றளவு என்று குறிப்பிடுகின்றன. பேச்சு வழக்கில் அது வெறும் "வோல்ட்". உயரத்தில் வைத்த தண்ணீர்த் தாங்கியை இதற்கு ஒப்பாகக் கூறுவது வழக்கம். தாங்கி உயர உயரக் குழாயில் தண்ணீரின் வேகம் கூடுவது போல, மின்னழுத்தம் கூடக் கூட ஒரே விளக்கினூடாகப் பாயும் மின்னோட்டமும் கூடும். இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படுவது 230 வோல்ட். இதில் நூற்றுக்கு 6 வரையான ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்பட்டுள்ளது. அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக மாறி ஓடுகின்றது. இந்த எண்ணிக்கையே மீடிறன் எனப்படுவது. அதன் அலகு ஹேர்ட்ஸ்.

வளைகுடா நாடுகள் பெரும்பாலானவற்றில் நிலைமை நமக்குச் சாதகமானது. ஐக்கிய அரபு இராச்சியம், கட்டார், குவைத், ஓமான், பஹ்ரைன் ஆகியவற்றின் வீட்டு மின்சாரம் 220 முதல் 240 வோல்ட் வரையிலானது. மீடிறனும் நம்முடையதைப் போலவே 50. துபாயில் அந்நாட்டு மின்சாரத்துக்கென விற்கப்பட்ட விளக்கு நிந்தவூரில் எவ்விதத் தயக்கமுமின்றி எரியும். பெரும்பாலும் பிளக்கும் அதே மூன்று சதுர ஊசிப் பிளக்காகவே இருக்கும். இந்தப் பழக்கமே சவூதி அரேபியாவிலிருந்து வரும் பொருள் விடயத்தில் மக்களை ஏமாற்றிவிடுகின்றது.

சவூதி வீடுகளில் நீண்ட காலமாக இரண்டு மின்னழுத்தங்கள் அருகருகே இருந்து வந்துள்ளன. விளக்குகளுக்கும் சாதாரண பிளக்குகளுக்கும் 127 வோல்ட்; குளிரூட்டி போன்ற பெரிய சாதனங்களுக்கு 220 வோல்ட். மீடிறன் இரண்டிலும் 60. பேச்சில் இந்த 127 ஐப் பலரும் "நூற்றிப்பத்து" என்றே சொல்வார்கள். 127 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழலாம். மின்சார நிலையத்திலிருந்து வரும் மூன்று முனைக் கம்பிகளில் ஏதேனும் இரண்டுக்கு இடையே 220 வோல்ட் இருக்குமானால், அவற்றில் ஒன்றுக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே இருப்பது 220 ஐ மூன்றின் வர்க்கமூலத்தால், அதாவது 1.732 ஆல், வகுத்து வரும் 127. நம் நாட்டிலும் இதே கணக்குத்தான். சம்மாந்துறை அரிசி ஆலையொன்றின் மோட்டாருக்குச் செல்லும் மும்முனை மின்சாரம் 400 வோல்ட், அதை 1.732 ஆல் வகுத்தால் அடுத்த வீட்டு மேசை விளக்குக்குக் கிடைக்கும் 230 வரும். ஆக, சவூதியின் பழைய ஏற்பாட்டில் ஒரே வீட்டின் இரு சுவர்களில் இரு வேறு மின்னழுத்தங்கள் இருந்தன. அங்கு வேலை செய்த வீட்டில் விளக்கு எரிந்தது என்பதற்காக, அது எந்தச் சுவரிலிருந்து எரிந்தது என்பதை அறியாமல் இங்கே அதைச் செருகிவிட முடியாது.

2010 ஆம் ஆண்டில் சவூதி அமைச்சரவை, வீட்டு மின்சாரத்தைச் சர்வதேச வழக்கமான 230 வோல்ட்டுக்கு மாற்றத் தீர்மானித்தது. 25 ஆண்டுகளில் படிப்படியாக நிறைவேற வேண்டிய மாற்றம் அது. இத்தகைய மாற்றம் ஏன் இவ்வளவு காலம் எடுக்கின்றது என்று வியப்படையத் தேவையில்லை. தென் கொரியா 110 இலிருந்து 220 வோல்ட்டுக்கு மாறும் பணியை 1973 இல் தொடங்கி 2005 இல்தான் முடித்தது. ஒவ்வொரு வீட்டின் விளக்கும் விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் மாற வேண்டியிருப்பதால் எந்த அரசாலும் இதை ஓரிரவில் செய்துவிட முடியாது. நமக்கு இதன் விளைவு என்னவென்றால், "சவூதிப் பொருள் என்றால் நூற்றிப்பத்து" என்ற பழைய தீர்ப்பும் இன்று முழுமையாகச் சரியன்று. புதிய குடியிருப்பொன்றிலிருந்து வரும் விளக்கு 230 க்கு உரியதாக இருக்கலாம். பழைய வீட்டிலிருந்தோ, பழைய இருப்பை விற்கும் கடையிலிருந்தோ வரும் விளக்கு 127 க்கு உரியதாக இருக்கலாம். நாட்டின் பெயரை வைத்து முடிவு செய்யும் காலம் போய்விட்டது. பொருளைத்தான் பார்க்க வேண்டும்.

127 வோல்ட்டுக்கு உரிய 60 வாட் குண்டு பல்ப் ஒன்றை 230 வோல்ட்டில் எரித்தால் என்ன நடக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. மின்னழுத்தம் ஏறத்தாழ 1.8 மடங்காகின்றது. மின்வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், இழையின் தடை மாறாது என்று வைத்துக்கொண்டால், அந்த 60 வாட் பல்ப் 197 வாட்டை இழுக்கும். இழை சூடாகும்போது அதன் தடையும் கூடுவதால் உண்மையில் இது சற்றுக் குறைந்து 150 வாட்டுக்கு மேற்பட்ட ஓர் அளவில் நிற்கும். நின்றாலும் இழை தாங்காது. இழை மின்குமிழின் ஆயுள் மின்னழுத்தத்தின் சிறு மாற்றத்துக்கும் பெருமளவு கூடிக் குறையும் தன்மையது. நூற்றுக்குப் பத்து வீதம் கூடினாலே ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 80 வீதம் கூடும்போது, ஆயிரம் மணித்தியாலம் எரிய வேண்டிய பல்ப் ஒரு கணம் கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளியைத் தந்துவிட்டு அணைந்துவிடும். சில வேளைகளில் கண்ணாடியும் சிதறும். பக்கத்தில் குழந்தை இருக்கையில் இந்தச் சோதனையைச் செய்துபார்க்க எவரும் விரும்பமாட்டார்கள்.

எதிர்த்திசையில் ஆபத்து இல்லை, ஏமாற்றம் மட்டுமே உண்டு. கல்முனைக் கடையில் வாங்கிய 230 வோல்ட் குண்டு பல்பை ரியாத்தில் 127 வோல்ட்டில் எரித்தால் அது உடையாது, எரியாமலும் இராது. சிவந்து மங்கலாக எரியும். மின்வலு பாதிக்கும் கீழே குறையும்போது வெளிச்சம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். படிப்பதற்கு உதவாது, இரவு விளக்காக வேண்டுமானால் பயன்படும்.

குண்டு பல்பின் காலம் இன்று பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பது உண்மையே. ஆயினும் அதன் தவறு உடனே தெரிந்துவிடுவதால் அது நேர்மையான பொருள் எனலாம். பின்வந்த விளக்குகள் அவ்வளவு வெளிப்படையானவையல்ல.

டியூப் லைட்டை எடுத்துக்கொள்வோம். பழைய வகை டியூப் லைட்டின் உள்ளே சோக் என்று நாம் அழைக்கும் கம்பிச் சுருள் உண்டு. மின்னோட்டம் அளவு மீறாமல் தடுப்பது அதன் பணி. அது தடுக்கும் அளவு மின்னழுத்தத்தை மட்டுமன்றி மீடிறனையும் பொறுத்தது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்யப்பட்ட சோக் 50 ஹேர்ட்ஸில் தன் தடுப்பாற்றலில் ஆறில் ஒரு பங்கை இழக்கின்றது. ஆகவே 220 வோல்ட் என்று எழுதப்பட்ட சவூதி டியூப் லைட்கூட இங்கே எரியும். ஆனால் சோக் வழமையைவிடக் கூடுதலாகச் சூடேறும், இரையும், ஆயுள் குறையும். 127 வோல்ட் சோக் என்றால் பேச்சே இல்லை. அது கருகும் நாற்றமே முதல் அறிவிப்பாக வரும்.

மீடிறன் பற்றிய பேச்சில் ஓர் இடைக்குறிப்பு. பழைய மேசை விளக்குகள் சிலவற்றில் மின்சார மணிக்கூடும் இணைந்திருக்கும். அது மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் வகையாக இருந்தால், 60 ஹேர்ட்ஸுக்குரிய மணிக்கூடு இங்கே மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்தும். மின்னழுத்தத்தை நிலைமாற்றி கொண்டு சரிசெய்தாலும் இந்தப் பிழை நீங்காது, ஏனெனில் நிலைமாற்றி மீடிறனை மாற்றுவதில்லை. நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்ப அத்தகைய மணிக்கூட்டை நம்பியவர் சுபஹுத் தொழுகையையும் தவறவிட நேரும். பற்றரியில் ஓடுவதற்கு இந்தக் குறை இல்லை.

சீ.எப்.எல். எனப்படும் சுருள் விளக்கின் அடிப்பகுதியில் ஒரு சிறு இலத்திரனியல் சுற்று இருக்கின்றது. அது ஒன்றில் 110 தொடக்கம் 127 வரைக்கும், அல்லது 220 தொடக்கம் 240 வரைக்கும் என்றுதான் பெரும்பாலும் செய்யப்பட்டிருக்கும். முதல் வகையை இங்கே செருகினால் உள்ளேயிருக்கும் கொள்ளளவி வெடித்துப் புகை வரும். இரண்டாம் வகையை அங்கே செருகினால் ஒளிராமல் இமைத்துக்கொண்டிருக்கும்.

எல்.ஈ.டி. விளக்கில்தான் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தரமான எல்.ஈ.டி. விளக்கினுள் உள்ள ஓட்டுச்சுற்று 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் உள்ளே தேவையான அளவு மின்னோட்டத்தை மட்டுமே அனுமதிக்கும். 50 ஆனாலும் 60 ஆனாலும் அதற்குக் கவலையில்லை. கைப்பேசியின் சார்ஜர் உலகெங்கும் வேலை செய்வது எந்தக் காரணத்தாலோ அதே காரணம்தான். அத்தகைய விளக்கு ஜித்தாவிலிருந்து வந்தாலும் டொரொன்டோவிலிருந்து வந்தாலும் அக்கரைப்பற்றில் எரியும். ஆனால் மலிவு விலையில் விற்கப்படும் பல எல்.ஈ.டி. விளக்குகளிலும், சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றும் டோர்ச்களிலும் இந்தச் சுற்று இருப்பதில்லை. செலவைக் குறைப்பதற்காக ஒரேயொரு கொள்ளளவியைத் தொடரில் இணைத்து மின்னோட்டத்தைக் குறைத்திருப்பார்கள். அங்கே மின்னழுத்தம் 1.8 மடங்கானால் மின்னோட்டமும் ஏறத்தாழ அதே அளவு கூடுகின்றது. மீடிறன் 60 இலிருந்து 50 ஆகும்போது சற்றுக் குறைந்தாலும் மீதமுள்ள அதிகரிப்பே எல்.ஈ.டி.களைக் கருக்கப் போதுமானது. மேலும், இவ்வகை விளக்கின் உள்ளே இருக்கும் பாகங்கள் வீட்டு மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை. மூடி உடைந்தோ கழன்றோ போன நிலையில் தொட்டால் 230 வோல்ட்டைத் தொட்டதற்குச் சமமாகும்.

எனவே கேள்விக்கு விடை விளக்கின் மேலேயே எழுதப்பட்டிருக்கின்றது. அதைத் தேடிப் படிப்பதே வேலை. குண்டு பல்பில் கண்ணாடியின் தலைப்பகுதியில் அல்லது உலோகக் கழுத்துக்கு மேலே, எல்.ஈ.டி., சீ.எப்.எல். விளக்குகளில் வெள்ளை அடிப்பாகத்தில். சரவிளக்கிலும் மேசை விளக்கிலும் அடித்தட்டின் கீழே ஒட்டிய சிறு தாளில். மின்குமிழ்ச் சரத்தில் பிளக்குக்கு அருகே வயரில் தொங்கும் துண்டில். 100-240 என்று இரு எண்களும் இடையே கோடும் இருந்தால் அந்த எல்லைக்குள் எங்கும் பயன்படுத்தலாம். 220-240 என்றால் நம் நாட்டுக்கு உரியது. 110, 120, 127, 110-130 என்பவற்றில் ஒன்று தனித்து இருந்தால் நம் சுவரில் செருகக்கூடாது. 110/220 என்று சாய்ந்த கோட்டால் பிரித்து எழுதியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பொதுவாக அதற்கென ஒரு சிறு தள்ளு ஆளி எங்கோ ஒளிந்திருக்கும். அது இப்போது எந்தப் பக்கம் நிற்கின்றது என்பதைப் பார்க்காமல் மின் கொடுக்கலாகாது. எழுத்தே இல்லாத பொருளை என்ன செய்வது? அறியாத மாத்திரையை விழுங்காதிருப்பது போலவே அதையும் செருகாதிருப்பதுதான்.

பிளக் பொருந்துகின்றது என்பது மின்னழுத்தம் பொருந்துகின்றது என்பதற்குச் சாட்சியமாகாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் இக்கரையோரத்தில் கருகும் விளக்குகளில் பெரும்பகுதி காப்பாற்றப்படும். கடைகளில் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் "அடப்டர்" வெறும் பித்தளைத் துண்டுகளையும் பிளாஸ்ரிக்கையும் கொண்டது. அது தட்டை ஊசியைச் சதுர ஊசியாக மாற்றுகின்றதேயன்றி 230 ஐ 127 ஆக மாற்றுவதில்லை. சவூதியின் 127 வோல்ட் சாதனங்களில் அமெரிக்கப் பாணித் தட்டை ஊசிகள் வருவது வழக்கம். அவை நம் சுவரில் நுழையாமை உண்மையில் ஒரு பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை அடப்டரால் நீக்குபவர் நீக்குமுன் லேபலைப் படித்திருக்க வேண்டும்.

நம் நாட்டின் பிளக்குகளின் வரலாறும் குழப்பத்துக்கு உதவியிருக்கின்றது. 5 அம்பியர், 15 அம்பியர் வட்ட ஊசிகளும் 13 அம்பியர் சதுர ஊசியும் நீண்ட காலம் ஒன்றாகப் புழங்கிவந்த பின்னர், 2016 ஆம் ஆண்டில் 13 அம்பியர் சதுர ஊசியே தேசியத் தரமாக ஏற்கப்பட்டது. இந்தச் சதுர ஊசிப் பிளக் பேஸின் கீழிரு துளைகளையும் ஒரு சிறு மூடி அடைத்திருக்கும். மேலேயுள்ள நீண்ட பூமி ஊசி நுழைந்தால்தான் அது திறக்கும். இரண்டு ஊசி மட்டுமே உள்ள வெளிநாட்டுப் பிளக்கை நுழைப்பதற்காகப் பேனாவின் முனையையோ ஈர்க்குச்சியையோ மேல் துளையில் விட்டு மூடியைத் திறக்கும் கைவேலை எல்லா ஊர்களிலும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கின்றது. உலோகக் கம்பியைக் கொண்டு இதைச் செய்பவர்களும் உளர். தளர்வாக நிற்கும் ஊசியில் பொறி பறக்கும். பொறி பறக்கும் இடம் சூடேறும். திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் அடுத்தது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

இனி, கொண்டுவந்த விளக்கு 127 வோல்ட்டுக்கு உரியது என்று தெரிந்துவிட்டால் அதை வீச வேண்டுமா? பெரும்பாலும் வேண்டியதில்லை. விளக்கு என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு பொருள்கள்: உடலும் மின்குமிழும். உடலில் இருப்பவை ஹோல்டர், வயர், ஆளி, பிளக் மாத்திரமே. மின்னழுத்தத்தை உணர்ந்து வேலை செய்வது மின்குமிழ். ஆகவே கழற்றி மாட்டக்கூடிய பல்ப் உள்ள மேசை விளக்கிலும் சரவிளக்கிலும் அங்கிருந்து வந்த பல்புகளை அகற்றிவிட்டு நம் கடையில் வாங்கிய 230 வோல்ட் எல்.ஈ.டி. பல்புகளை மாட்டினால் காரியம் முடிந்தது. திருகு வகை ஹோல்டராயின் அதற்குரிய பல்ப் கல்முனை பசாரிலேயே கிடைக்கும். அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் திருகு ஹோல்டரின் விட்டம் 26 மில்லிமீற்றர். நம் கடைகளில் உள்ளது 27. பெரும்பாலும் ஒன்றில் மற்றொன்று பொருந்தும். இந்தப் பொருத்தமே மறுபக்கத்தில் ஆபத்தாகின்றது: அங்கிருந்து வந்த 120 வோல்ட் பல்பும் நம் ஹோல்டரில் அழகாகத் திருகிக்கொள்ளும். கழற்றிய பழைய பல்புகளை மேசை இழுப்பறையில் சேமித்து வைப்பது அடுத்த மாதம் யாரோ ஒருவரை அவற்றை மாட்டத் தூண்டுவதாகும்.

உடலிலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஹோல்டரின் உள்ளே ஆகக் கூடிய வாட் எழுதப்பட்டிருக்கும். 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் அந்த எல்லையை நெருங்கவும் மாட்டாது என்பதால் வயர் சூடேறும் அச்சம் இல்லை. ஆனால் ஆளியும் வயரின் உறையும் 230 வோல்ட்டைத் தாங்கக்கூடியவையா என்பது வேறு கேள்வி. ஆளியில் 125 வோல்ட் என்று மட்டும் பொறித்திருந்தால் அதை மாற்றிவிடுவதே நல்லது. அதற்கான செலவு அற்பமானது. பித்தளை அல்லது உருக்கு உடலைக் கொண்ட விளக்கில் பூமிக் கம்பி இல்லாமல் இரண்டு கம்பி மட்டுமே வந்திருந்தால், தேர்ந்த மின்னிணைப்பாளர் ஒருவரிடம் கொடுத்து மூன்று கம்பி வயரும் சதுர ஊசிப் பிளக்கும் போடச் செய்து, உடலைப் பூமியோடு இணைக்க வேண்டும். பிளக்கில் உள்ள உருகியும் விளக்குக்கு ஏற்ற சிறியதாக, 3 அம்பியராக, இருக்கட்டும். திருகு ஹோல்டரில் உயிர்க் கம்பி நடு முனைக்கும் நடுநிலைக் கம்பி வெளித் திருகுக்கும் செல்ல வேண்டும். மாறிப்போனால் பல்ப் எரியும். ஆனால் பல்பை மாற்றும் போது விரல் படும் இடத்தில் மின்சாரம் நிற்கும். 127 வோல்ட்டில் ஓர் உதறலோடு தப்பியவருக்கு 230 வோல்ட்டில் உடலினூடாகப் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ இரு மடங்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்.ஈ.டி.கள் உடலோடு ஒட்டியே வரும் புதிய சரவிளக்குகளில் பல்பைக் கழற்ற முடியாது. அவற்றின் மேல் கிண்ணத்துக்குள் ஒரு சிறு பெட்டியாக ஓட்டுச்சுற்று இருக்கும். அது 110 க்கு மட்டும் உரியதானால், அதன் வெளியீடாக எழுதப்பட்டுள்ள மில்லி அம்பியர் அளவும் வோல்ட் எல்லையும் ஒத்த 220-240 பெட்டியொன்றை வாங்கி மாற்றலாம். கடைக்குப் பழைய பெட்டியையே கையில் கொண்டுபோவது சிறந்தது.

மின்குமிழ்ச் சரங்களின் கதை தனி. கலியாண வீட்டு முகப்பிலும் பெருநாள் இரவில் மாடி விளிம்பிலும் தொங்கும் பழைய வகைச் சரத்தில் டசின் கணக்கான சிறு குமிழ்கள் தொடராக இணைக்கப்பட்டு முழு மின்னழுத்தத்தையும் பங்கிட்டுக்கொள்கின்றன. 120 வோல்ட்டுக்கு 50 குமிழ் கொண்ட சரத்தில் ஒவ்வொன்றுக்கும் 2.4 வோல்ட் வரும். அதையே 230 இல் செருகினால் 4.6. குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, சேர்ந்தே போய்விடும். ஒரே மாதிரியான இரண்டு சரங்களைத் தொடரில் இணைத்து 230 இல் எரிப்பது நம் ஊர் வயரிங்காரர் சிலரின் உத்தி. இழைக் குமிழ்ச் சரங்கள் முற்றிலும் ஒத்தவையாக இருந்தால் கணக்கு சரிதான். ஒவ்வொன்றுக்கும் 115 வரும். ஆனால் ஒரு சரத்தில் குமிழ் குறைந்தாலோ, இடையில் இலத்திரனியல் மினுக்கி இருந்தாலோ பங்கு சமமாக அமையாது. ஒரு சரம் மற்றதன் சுமையையும் தாங்கி அழியும். எல்.ஈ.டி., சீ.எப்.எல். எதற்கும் இந்த உத்தி செல்லாது.

நிலைமாற்றி, அதாவது கடைகளில் "ட்ரான்ஸ்போமர்" என்று கேட்டு வாங்கும் 230 ஐ 110 ஆக்கும் பெட்டி, கடைசி வழியாகவே இருக்க வேண்டும். அது பெரும்பாலும் விளக்கின் விலையை மிஞ்சும். விளக்கு எரியாத வேளையிலும் சுவரில் செருகியபடி விட்டால் ஓயாமல் சிறிது மின்சாரத்தை உண்டு சூடாகிக்கொண்டிருக்கும். அது மின் பட்டியலில் சேரும். வாங்குவதானால் விளக்கின் வாட்டைவிடக் கணிசமாகக் கூடிய கொள்ளளவுள்ளதை வாங்க வேண்டும். விலை குறைந்த பெட்டிகளில் பல ஒரே சுருளைக் கொண்டவை. உள்ளீடும் வெளியீடும் ஒரு கம்பியைப் பகிர்ந்துகொள்பவை. வெளியே 110 என்று எழுதியிருந்தாலும் அதைத் தொடுவது 230 ஐத் தொடுவதைவிடப் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. பயணிகளுக்கென விற்கப்படும் கையடக்க இலத்திரனியல் மாற்றிகள் தலைமுடி உலர்த்தி போன்ற சூடாக்கும் பொருட்களுக்கானவை, எல்.ஈ.டி. விளக்குக்கு அவை ஒத்துவரமாட்டா. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிமரைப் பாதியில் நிறுத்தி 127 வோல்ட் பல்பை எரிப்பதும் வேண்டாத விளையாட்டு. பிள்ளையொன்று குமிழைத் திருகினால் முழு 230 உம் அங்கே சென்றுவிடும்.

வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருப்பதால் பயமில்லை என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அந்தச் சாதனம் மின்சாரம் பூமிக்குக் கசிந்தால் துண்டிக்கும். பல உயிர்களைக் காத்திருக்கும் சாதனம் அது. ஆனால் தவறான மின்னழுத்தத்தில் சூடேறும் விளக்கில் கசிவு எதுவும் இல்லை. உயிர்க் கம்பியால் வந்த மின்னோட்டம் முழுவதும் நடுநிலைக் கம்பியால் திரும்பிப் போகின்றது. ட்ரிப் சுவிட்சின் கணக்கில் எல்லாம் சரி. துணியாலான விளக்கு மூடி கருகி முடியும் வரை அது அமைதியாகவே இருக்கும். சிறு முறிகருவிகளும் அவ்வாறே. ஒரு விளக்கு 60 வாட்டுக்குப் பதிலாக 150 வாட் இழுப்பது அவற்றின் கண்ணில் ஒரு பொருட்டேயன்று.

புறப்பட்டுச் செல்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. மின்சாரம் தடைப்படும்போது உதவும் சார்ஜ் விளக்கொன்றைப் பிள்ளையின் பெட்டியில் வைத்து அனுப்பும் உம்மாமார் பலர். 230 க்கு மட்டும் உரிய விளக்கு சவூதியின் 127 இலோ கனடாவின் 120 இலோ சார்ஜ் ஏற்றுவது போலப் பச்சை ஒளியைக் காட்டலாம், பற்றரி நிறையாது. ஜப்பானுக்குச் செல்வோர் இன்னும் கவனிக்க வேண்டும். அங்கே 100 வோல்ட். கிழக்குப் பகுதியில் 50 ஹேர்ட்ஸ், மேற்கில் 60. கொரியாவுக்குப் போவோருக்குச் சிக்கல் குறைவு. 220 வோல்ட் என்பதால் நம் பல்புகள் அங்கே எரியும், மீடிறன் மட்டுமே 60. மறுதலையாக, அங்கிருந்து 110 க்கு மட்டும் உரிய சார்ஜ் விளக்கு இங்கு வந்தால், அதனுள் இருக்கும் சிறு நிலைமாற்றி இரவெல்லாம் கொதித்து பற்றரியையும் வீங்கச் செய்யும். சார்ஜ் ஏற்றும் விளக்குகள் பெரும்பாலும் தூங்கும் நேரத்தில், பாயின் அருகே வைக்கப்படுவதால் இதை அலட்சியம் செய்வதற்கில்லை.

நிலைமாற்றியோடு ஒரு 127 வோல்ட் விளக்கைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்புபவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. விளக்கின் தட்டை ஊசிப் பிளக்கை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டு, நிலைமாற்றியின் 110 துளைக்கு மட்டும் பொருந்தும்படி வைத்திருப்பது. பிளக்கை வெட்டிச் சதுர ஊசியைப் போட்ட நாளிலிருந்து அந்த விளக்கு வீட்டின் எந்தச் சுவரிலும் நுழையக்கூடியதாகிவிடும். வீட்டைச் சுத்தம் செய்ய வருபவருக்கோ, விருந்துக்கு வந்து மூலையறையில் தங்குபவருக்கோ அது எந்த மின்சாரத்துக்குரியது என்பது தெரிய நியாயமில்லை. விளக்கை அயல்வீட்டுக்குக் கொடுப்பதாகவோ விற்பதாகவோ இருந்தால் "127" என்று எழுதிய துண்டொன்றை வயரில் கட்டிக் கொடுக்க வேண்டும்; இல்லையேல் நிலைமாற்றியையும் சேர்த்தே கொடுத்துவிட வேண்டும்.